நாடக மாணவரின் இன்டர்ன்ஷிப்: எந்த வாரத்தில் சேர்வது, எந்த வேலையை ஏற்பது

நாடகம் படிக்கும் மாணவர்கள் இன்டர்ன்ஷிப் தேடும்போது பெரும்பாலும் குழுவின் பெயரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இயக்குநர் யார், போஸ்டரில் தன் பெயர் வருமா என்பது அடுத்த கேள்வி. ஆனால் பயிற்சி முடிந்து திரும்பும்போது கையில் என்ன மிஞ்சும் என்பதை வேறு இரண்டு விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன. ஒரு தயாரிப்பின் எந்தக் கட்டத்தில் போய்ச் சேர்கிறோம் என்பது ஒன்று. அங்கே நம் பெயருக்கு எழுதி ஒப்படைக்கப்படும் வேலை எது என்பது மற்றொன்று. புகழ்பெற்ற குழுவில் தவறான மாதத்தில் சேர்ந்தவர் டீ வாங்கிக்கொடுத்து, டிக்கெட் கிழித்துவிட்டுத் திரும்புவார். பெயர் தெரியாத குழுவில் சரியான வாரத்தில் சேர்ந்தவர் ஒரு நாடகத்தை மேடையேற்றக் கற்றுக்கொண்டு வருவார்.

முதல் சிக்கல் காலண்டரிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு விடுமுறை பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுவரை. நாடகக் குழுக்களின் வேலை அந்த அட்டவணைப்படி நடப்பதில்லை. சென்னை சபா நாடகங்களை எடுத்துக்கொண்டால், கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவை ஒட்டித்தான் பல குழுக்கள் புது நாடகத்தைத் தயாரிக்கின்றன. அதற்கான ஒத்திகை மாணவர் தேர்வெழுதிக்கொண்டிருக்கும் மாதங்களில் முடிந்துவிடும். மே மாதம் வந்து சேர்பவருக்குக் கிடைப்பது ஏற்கெனவே மேடையேறிய நாடகத்தின் அடுத்தடுத்த காட்சிகள்தான். அதிலும் கற்க நிறைய உண்டு, ஆனால் ஒரு நாடகம் உருவாவதை அவர் பார்க்க முடியாது. டிசம்பரில் சபா மேடைகள் கச்சேரிகளுக்குப் போய்விடுவதால் நாடகக்காரர்களுக்கு இடம் கிடைப்பதே அரிது. திருச்சூரில் கேரள சங்கீத நாடக அகாதெமி 2008 முதல் நடத்தும் சர்வதேச நாடக விழாவும், தேசிய நாடகப் பள்ளி 1999 முதல் நடத்தும் பாரத் ரங் மகோத்சவும் ஆண்டின் தொடக்க மாதங்களில், அதாவது செமஸ்டரின் நடுவில் வருபவை.

விடுமுறையோடு நன்றாகப் பொருந்துவது கூத்துதான். வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்கள் பங்குனி, சித்திரை, வைகாசியில் நெருக்கமாக வரும், ஆடியில் மறுபடி சூடுபிடிக்கும். கோடையில் கூத்து ஜமாக்களுக்கு, அதாவது கூத்தாடும் குழுக்களுக்கு, ஓய்வே கிடையாது. விடுமுறை இருக்கும் மாணவர் ஏன் கூத்தை விட்டுவிட்டு, கோடையில் பாதி மூடிக்கிடக்கும் நவீன நாடகக் குழுக்களின் கதவைத் தட்டுகிறார் என்பது எளிதில் விளங்காத விஷயம். கூத்தைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறோம்.

எந்த நிறுவனத்தில் எதை எதிர்பார்க்கலாம்

இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் மாணவர்கள் விண்ணப்பிக்கும் இடங்களில் சில அதற்கானவையே அல்ல. கர்நாடகத்தின் ஹெக்கோடு கிராமத்தில் கே.வி. சுப்பண்ணா 1949இல் தொடங்கிய நீநாசம் 1980இல் நாடகப் பள்ளியையும், 1985இல் ‘திருகாட்ட’ என்ற சுற்றுப்பயணக் குழுவையும் அமைத்தது. அந்தக் குழு மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றுவது. அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் அங்கே முறையாகப் படித்தவர்கள். நான்கு வாரத்துக்கு வரும் வெளி மாணவரை அங்கே பொருத்துவது கடினம். தில்லி தேசிய நாடகப் பள்ளியின் ரெப்பர்டரி, அதாவது அதன் நிரந்தர நாடகக் குழு, 1964இல் தொடங்கியது. அதுவும் பயிற்சி முடித்த நடிகர்களுக்கான இடம். வீணாபாணி சாவ்லா 1981இல் மும்பையில் தொடங்கிப் பிறகு புதுச்சேரிக்கு அருகே கொண்டுவந்த ஆதிசக்தியின் பயிலரங்குகள் கட்டணம் கட்டித் தங்கிப் படிப்பவை. உடல், குரல், மூச்சு பற்றிய பயிற்சிக்கு அவை மிக நல்லவை. ஆனால் பயிலரங்கில் எவரும் உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைப்பதில்லை. ஆகவே கல்லூரி கேட்கும் பணி அனுபவமாக அதைக் காட்டுவது பொருந்தாது.

அரங்கங்களில் சேர்வது பற்றி மாணவர்கள் குறைவாகவே யோசிக்கிறார்கள். பெங்களூரு ஜே.பி. நகரில் 2004இல் திறக்கப்பட்ட ரங்கசங்கரா தாமதமாக வருபவர்களை உள்ளே விடாததற்குப் பேர் பெற்றது. திங்கள் தவிர ஏறக்குறைய தினமும் நாடகம். அப்படிப்பட்ட அரங்கத்தின் தொழில்நுட்பப் பிரிவில் ஒரு மாதம் இருப்பவர் இருபது குழுக்கள் வந்து மேடை அமைத்துப் பிரிப்பதைப் பார்த்துவிடுவார். ஒரே குழுவோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இதற்கு ஆண்டுகள் ஆகும். எந்தக் குழு தரைப்படத்தோடு வருகிறது, எந்தக் குழு மேடையில் நின்று யோசிக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே ஒரு பாடம்.

நடிப்பைத் தவிர வேறு வாசல் வழியாக உள்ளே போவதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் விஜய் சேதுபதி சேர்ந்தது கணக்காளராக. நடிகர்கள் பயிற்சி செய்வதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பை அந்த வேலைதான் அவருக்குத் தந்தது. இன்னும் பின்னால் போனால், சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவும், அதன் வழியில் வந்த, சிறுவர்களே நடித்த மற்ற பாய்ஸ் கம்பெனிகளும் இப்படித்தான் இயங்கின. கம்பெனி வீட்டில் தங்கி, வாத்தியாரிடம் வசனமும் பாட்டும் பாடம் கேட்டு, மற்றவர் வேஷத்தைப் பக்கத்திலிருந்து பார்த்து மனப்பாடம் செய்தவனுக்கு, ஒருநாள் யாரோ ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மேடை கிடைக்கும். டி.கே.எஸ். சகோதரர்கள் அந்த வழியில் வந்தவர்கள். அந்த முறையில் சிறுவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல, அதைத் திரும்பக் கொண்டுவர யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் முழு நாடகத்தையும் ஓரத்தில் நின்று தலைகீழாய்த் தெரிந்துவைத்திருப்பது என்ற அந்தப் பழக்கம் இன்றைய பயிற்சிகளில் காணாமல் போயிருக்கிறது.

எட்டு வாரத்தில் எந்த நான்கு

சென்னையிலோ புதுச்சேரியிலோ ஒரு நவீன நாடகக் குழு ஒன்றரை மணி நேர நாடகத்தைத் தயாரிக்க எட்டு வாரம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் பிரதி வாசிப்பு. இரண்டாவதிலிருந்து நான்காவது வரை காட்சிவாரியாக நடமாட்டம் அமைப்பது. ஐந்து, ஆறில் தொடர் ஓட்டம், அதாவது நாடகத்தை நிறுத்தாமல் ஓட்டிப் பார்ப்பது. ஏழில் உடை, ஒளி, ஒலி, மேடைப்பொருள் எல்லாம் வந்து சேரும். எட்டில் காட்சி, பிறகு மேடையைப் பிரிப்பது.

மாணவரிடம் நான்கு வாரம்தான் இருக்கிறது என்றால் கடைசி நான்கை எடுக்க வேண்டும். முதல் நான்கு வாரம் கேட்க இனிமையாக இருக்கும், பாத்திரம் பற்றிப் பேச்சு ஓடும். ஆனால் அங்கே எடுக்கப்படும் முடிவுகளின் விளைவு அப்போது தெரியாது. மூன்றாவது வாரத்தில் இயக்குநர் ஒரு நடிகரை வலப்பக்கமாக வெளியேறச் சொன்னார். ஏழாவது வாரத்தில்தான் தெரிகிறது, அவர் அடுத்து நுழைய வேண்டியது இடப்பக்கம், மேடைக்குப் பின்னால் கடந்துபோக வழியே இல்லை என்று. இப்படி முட்டிக்கொள்வதுதான் நாடகக் கல்வி. வகுப்பறை நாடகத்தில் இது நடப்பதில்லை, ஏனென்றால் அங்கே மேடை முன்கூட்டியே நமக்குப் பழக்கமானது.

அதிகம் நடக்கும் தவறு வேறொன்று. கல்லூரி சொன்ன தேதி முடிந்ததும், காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் மாணவர் சான்றிதழ் கேட்டு வந்து நிற்பார். குழுவுக்கு அது ஆள் இழப்பு. மாணவருக்கு அவ்வளவு நாளும் வீண். தொடங்கும் முன்பே காட்சித் தேதியைக் கேட்டு, பயிற்சியின் கடைசி நாள் மேடை பிரித்துப் பொருளை ஏற்றிய மறுநாளாக இருக்கும்படி கல்லூரியில் பேசிவிட வேண்டும்.

பிராம்ப்ட் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்

பயிற்சி மாணவருக்குக் கிடைக்கக்கூடிய வேலைகளில் மிகச் சிறந்தது மேடை நிர்வாகி ஒருவருக்கு உதவியாளராக இருப்பது. காரணம் எளிது: நாடகத்தின் எல்லாத் துறையும் சந்திக்கும் ஒரே இடம் மேடை நிர்வாகியின் மேசை. அங்கே இருக்கும் முக்கியமான பொருள் பிராம்ப்ட் பிரதி, அதாவது நடமாட்டமும் ஒளி, ஒலி மாற்றங்களும் குறித்து வைத்த நாடகப் பிரதி.

அதைத் தயாரிப்பது இப்படி. பிரதியை ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, வளையக் கோப்பில் போட வேண்டும். விரித்தால் வலப்பக்கம் வசனம், இடப்பக்கம் வெற்றுத்தாள். வெற்றுத்தாளில் சிறு மேடைப்படம் வரைந்து, நடிகரின் நடமாட்டத்தை எண்ணிட்டுக் குறிக்க வேண்டும், அதே எண்ணை வசனத்தில் அந்தச் சொல்லின் மேல் எழுத வேண்டும். எல்லாம் பென்சிலில். பேனாவில் எழுதியவர் இரண்டாவது வாரத்தில் புதுப் பிரதி அச்சிட வேண்டியிருக்கும், ஏனென்றால் இயக்குநர்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், மாற்றத்தான் வேண்டும். வலது ஓரத்தில் ஒளி, ஒலி, திரை மாற்றங்களுக்கான குறிப்புகள், அதாவது க்யூ. ஒளிக்கு ஒரு வரிசை எண், ஒலிக்கு வேறு வரிசை. ஒளிக்கு 1, 2, 3 என்றும் ஒலிக்கு ஏ, பி, சி என்றும் வைத்துக்கொண்டால் இருட்டில் குழப்பம் வராது. நடுவில் புதிதாக ஒன்று சேர்ந்தால் 12.5 என்று எழுதலாம், எல்லா எண்ணையும் மாற்றத் தேவையில்லை.

ஒவ்வொரு க்யூவுக்கும் இரண்டு இடம் குறிக்க வேண்டும்: ‘ஸ்டாண்ட்பை’ சொல்லும் இடம், ‘கோ’ சொல்லும் இடம். ஸ்டாண்ட்பை நாலைந்து வரி முன்னால் வந்தால் போதும். ஒரு பக்கம் முன்னாலேயே சொல்லிவிட்டால் விசையில் கை வைத்திருப்பவரின் கவனம் சிதறும். ‘கோ’ என்ற சொல் எப்போதும் கடைசியில் வர வேண்டும்: “லைட் 23… கோ.” “கோ லைட் 23” என்றால் முதல் சொல்லிலேயே விரல் அழுத்திவிடும். அதே காரணத்தால் ஹெட்செட்டில் வேறு எந்தப் பேச்சிலும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. சென்னையில் பல குழுக்களிடம் ஹெட்செட்டே கிடையாது. ஒளி இயக்குபவரே பிரதியைப் பார்த்து இயக்குவார். அப்போதும் பிராம்ப்ட் பிரதி வேண்டும், அவருக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்தவர் அதைப் பார்த்துத்தான் உட்கார முடியும்.

மேடைப்பொருள் மேசை உதவியாளரின் அடுத்த பொறுப்பு. மேசை மேல் பழுப்புத்தாள் ஒட்டி, ஒவ்வொரு பொருளின் வடிவத்தையும் சுற்றி வரைந்து, உள்ளே பொருளின் பெயரும் அதை எடுப்பவர் பெயரும் எழுத வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் பார்த்ததும் தெரியும். காட்சிக்கு முக்கால் மணி முன்னால் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், மறுநாள் கண்ணாடி நடிகரின் வீட்டுச் சட்டைப்பையில் இருக்கும். இருட்டில் வழி காட்ட ஒட்டும் ஒளிரும் டேப் பற்றி ஒரு குறிப்பு: அது வெளிச்சத்தை உள்வாங்கித்தான் ஒளிரும். ஒரு மணி நேரமாக இருண்டு கிடக்கும் பக்கவாட்டில் ஒட்டினால் ஒளிராது. காட்சி தொடங்குமுன் டார்ச் அடித்து வைக்க வேண்டும்.

மேடை ஒரே ஒரு நாள் கிடைக்கும்போது

வாடகை கட்டுப்படியாகாததால் பெரும்பாலான குழுக்களுக்கு அரங்கம் காட்சி நடக்கும் அன்று மட்டும்தான் கிடைக்கும். நாடகத்தில் 60 ஒளி மாற்றங்கள் இருக்கின்றன என்று கொள்வோம். ஒவ்வொன்றையும் மேடையில் வைத்துப் பார்த்து, அளவு திருத்தி, பதிவு செய்ய 5 நிமிடம் ஆகும். மொத்தம் 300 நிமிடம், அதாவது 5 மணி நேரம். மாலை 7 மணிக்குக் காட்சி என்றால் 6 மணிக்குள் மேடை காலியாக வேண்டும், அப்படியானால் மதியம் 1 மணிக்கு க்யூ பார்க்கத் தொடங்க வேண்டும். அதற்கு முன் விளக்கு மாட்டுவது, திசை திருப்புவது, சாப்பாடு. காலை 7 மணிக்கு வாசலில் வண்டி நிற்காவிட்டால் கணக்கு இடிக்கும். இந்தக் கணக்கை யாரும் போடாததால்தான் பல நாடகங்களின் முதல் காட்சி உண்மையில் ஒளி ஒத்திகையாக நடக்கிறது. தாளில் இந்த நேரக்கணக்கை இரண்டு வாரம் முன்பே எழுதிக் காட்டும் பயிற்சி மாணவரை எந்தக் குழுவும் மறக்காது.

ஒளிப்பிரிவில் சேர்பவருக்கு இரண்டு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஒன்று மின்சுமை. 230 வோல்ட், 16 ஆம்பியர் இணைப்பில் 3,680 வாட் வரைதான் தாங்கும். 1,000 வாட் பார் கேன் விளக்கு மூன்று போடலாம், நான்காவது போட்டால் ட்ரிப் ஆகும், அதுவும் எல்லா விளக்கும் முழுதாக எரியும் உச்சக் காட்சியில் ஆகும். இரண்டாவது எல்இடி விளக்கின் அட்ரஸ், அதாவது கட்டுப்பாட்டுப் பலகையில் அந்த விளக்குக்குரிய சேனல்கள் தொடங்கும் எண். ஒரு விளக்கு 7 சேனல் முறையில் இருந்தால் முதல் விளக்குக்கு 1, அடுத்ததற்கு 8, அதற்கடுத்ததற்கு 15. வாடகைக்கு வரும் விளக்குகளில் ஒன்று 7 சேனலிலும் ஒன்று 4 சேனலிலும் இருந்தால் சிவப்பு கேட்ட இடத்தில் ஒன்று நீலமாகும், இன்னொன்று மின்னத் தொடங்கும். மேலே ஏற்றுமுன் தரையிலேயே ஒவ்வொன்றின் திரையையும் பார்த்து ஒரே முறைக்குக் கொண்டுவந்தால் அரை நாள் மிச்சம். விளக்குகள் காரணமின்றித் துடித்தால் விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் கேபிளுக்குப் பதிலாக மைக் கேபிளைப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். முனை ஒரே மாதிரி இருக்கும், உள்ளே மின்தன்மை வேறு. எதையும் உயரத்தில் மாட்டினால் இரும்புப் பாதுகாப்புக் கம்பியும் மாட்ட வேண்டும். கம்பி இல்லாமல் விளக்கு ஏற்றச் சொன்னால் மறுக்கும் உரிமை மாணவருக்கு உண்டு. ஏணியில் ஏறும்போது கீழே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்பதையும் கேட்டு வாங்க வேண்டும்.

கூத்து ஜமாவில்

காஞ்சிபுரம், செய்யாறு, திருவண்ணாமலைப் பக்கம் தொழில்முறையாக ஆடும் ஜமாக்கள் பல. புரிசை கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை நாடகத்துறையினர் எல்லோரும் அறிந்தது. பெ. ராஜகோபாலும் மற்றவர்களும் சேர்ந்து 1990இல் அமைத்த கட்டைக்கூத்துச் சங்கம் புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் நடத்திப் பெண்களையும் மேடைக்குக் கொண்டுவந்தது. இவை வெளி மாணவரைப் பழகிப் பார்த்த இடங்கள். மற்ற ஜமாக்களை அணுக வேண்டுமானால் பேராசிரியரின் கடிதத்தைவிட, அந்த ஊரில் இரண்டு இரவு விடிய விடிய உட்கார்ந்து பார்த்துவிட்டு வாத்தியாரிடம் போய்ப் பேசுவது பலன் தரும்.

இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை ஆட்டம். ஆனால் மாணவரின் வேலை பெட்டி வந்து இறங்கும்போதே தொடங்குகிறது. வேஷம் கட்டும் இடத்தில்தான் பாதிக் கல்வி. முகம் எழுதுவது, இடுப்பில் துணி சுற்றிப் பருமன் சேர்ப்பது, கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவற்றை இறுக்கிக் கட்டுவது. கட்டு தளர்ந்திருந்தால் சுழன்றாடும்போது கட்டை சரியும், அதிகம் இறுகினால் ஆடுபவருக்குப் பாட மூச்சு வராது. எவ்வளவு இறுக்கம் என்பது கயிற்றைப் பிடித்துக் கட்டிப் பார்த்தால்தான் வரும். பிறகு திரை பிடிப்பது: வேஷக்காரர் திரைக்குப் பின்னால் பாடி, ஆடி, பாதி காட்டி, மறைந்து வெளிவரும்வரை அவர் காலின் வேகத்துக்கேற்ப இருவர் திரையை அசைக்க வேண்டும். இதற்கு அடவு, அதாவது ஆட்டத்தின் காலசைவு, தெரிய வேண்டும், தாளம் தெரிய வேண்டும்.

பல்கலைக்கழக மாணவர் செய்யும் பெரிய பிழை, முதல் இரவிலிருந்தே கேமராவைத் தூக்குவது. ஒரு மாதத்தில் ஆட்டக்காரராக முடியாது, ஆனால் பின்பாட்டுக்காரராக உட்காரத் தொடங்கலாம். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், டோலக்கு, தாளம் எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து, முன்னால் பாடுபவர் விட்ட அடியை எடுத்துப் பாடுவது. ஆர்மோனியத்தின் சுருதி உயரத்தில் இருக்கும். கல்லூரியில் பழகிய குரலோடு முதல் இரவே முழுத்தொண்டையில் பாடினால் மூன்றாம் இரவு குரல் இருக்காது. முதல் வாரம் பாதிக் குரலில் பாடி, பகலில் கட்டாயம் தூங்க வேண்டும். பகலிலும் விழித்திருந்து குறிப்பெழுதுபவர்கள்தான் இரண்டாம் வாரம் ஊருக்குத் திரும்பிப் போகிறார்கள்.

பாரதக் கூத்து நடக்கும் ஊரில் கூடுமானவரை முதல் நாள் தொடங்கி, துரியோதனன் வீழும் கடைசி நாள் படுகளம் வரை இருப்பது நல்லது. பிற்பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் அதே கதை கூத்தாக, கடைசியில் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் மேல் படுகளம் என்று ஓர் ஊர் முழுவதும் நாடகத்துக்குள் எப்படி நுழைகிறது என்பது ஒரே இரவு பார்ப்பவருக்குப் புலப்படாது. மாணவிகள் போகுமுன் தங்கும் வீடு, உடை மாற்றும் இடம், கழிப்பறை மூன்றையும் வாத்தியாரிடமோ அவர் வீட்டுப் பெண்களிடமோ நேரடியாகக் கேட்டுவிட வேண்டும். கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை.

பதிவு செய்வதென்றால் ஜமாவின் அனுமதி வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துநரின் உரிமையை 50 ஆண்டுகளுக்குக் காக்கிறது. பாடத்துக்காக எடுத்த காணொளியை யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம், அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

மணி, பணம், பாதுகாப்பு

பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல்படி இன்டர்ன்ஷிப்பில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். 4 கிரெடிட் என்றால் 120 மணி. நகரத்து நாடகக் குழுக்களில் நடிகர்கள் பகலில் வேறு வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் ஒத்திகை மாலையில் மூன்று மணி நேரம்தான். அப்படிப் பார்த்தால் 120 மணிக்கு 40 மாலைகள் வேண்டும். வாரத்துக்கு ஐந்து மாலை என்றால் எட்டு வாரம். நான்கு வாரத்தில் முடித்துவிட்டதாகக் கையெழுத்து வாங்கும் பதிவேடுகளில் பாதி பொய்யாக நிரப்பப்பட்டவை என்று வழிகாட்டும் பேராசிரியர்களுக்கும் தெரியும். நேர்மையான வழி இருக்கிறது: 28 மாலைகள் மூன்று மணி வீதம் 84 மணி, காட்சி நாள் மூன்று, ஒவ்வொன்றும் 12 மணி வீதம் 36 மணி, மொத்தம் 120. இது ஆறு வாரத்தில் அடங்கும். பகலில் துணி எடுப்பது, பொருள் வாங்குவது, பிராம்ப்ட் பிரதியைத் திருத்தி எழுதுவது எல்லாம் வேலை நேரம்தான், அவற்றையும் தேதியிட்டு எழுத வேண்டும்.

பெரும்பாலான குழுக்கள் பணம் தர முடியாத நிலையில் இருக்கின்றன. ஆனால் போக்குவரத்துச் செலவும் ஒத்திகை நாளில் ஒரு வேளை உணவும் கேட்பது நியாயம். டிக்கெட் விற்றுப் பல காட்சி நடத்தும் குழு, சம்பளத்துக்கு வைக்க வேண்டிய ஆளின் இடத்தில் மாணவரை மாதக்கணக்கில் இலவசமாக வைப்பது பயிற்சி ஆகாது. அரசுத் திட்டங்கள் இரண்டைத் தெரிந்துவைத்திருங்கள். மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயதுள்ள இளங்கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு உதவித்தொகை தருகிறது, நாடகமும் நாட்டார் கலைகளும் அதில் உண்டு, குருவிடம் பயிற்சி பெறுபவர்களுக்கானது. இன்னொன்று குழுக்களுக்கான ரெப்பர்டரி மானியம். நாடகத்தில் ஒரு குருவுக்கும் அதிகபட்சம் 18 சீடர்களுக்கும் கிடைப்பது, சீடருக்கு வயதைப் பொறுத்து மாதம் 2,000 முதல் 10,000 ரூபாய். இந்த மானியம் பெறும் குழு உங்கள் ஆதார் நகலையும் வங்கி விவரத்தையும் கேட்டால், சீடர் பட்டியலில் உங்களைச் சேர்க்கிறார்களா, எந்தத் தொகைக்கு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பாலியல் தொந்தரவு பற்றி மாணவிகளுக்குத் தவறாகச் சொல்லப்படும் ஒன்று, “நீ ஊழியர் இல்லையே, சட்டம் உனக்குப் பொருந்தாது” என்பது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொந்தரவு பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊழியர் என்பதில் பயிற்சியாளரும் அடக்கம், சம்பளம் இல்லாமல் வேலை செய்பவரும் அடக்கம். ஒத்திகைக்கூடம், வெளியூர்க் காட்சிக்குப் போகும் வண்டி, தங்கும் அறை எல்லாம் பணியிடமே. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்காது. நாடகக் குழுக்களில் பல இப்படித்தான். அப்போது மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்க முடியும். கல்லூரியின் குழுவிடமும் அதே நாளில் தெரிவித்து வைப்பது நல்லது. நெருக்கமான காட்சிக்கான பயிற்சியில் தொடுதல் எங்கே, எவ்வளவு என்று முன்கூட்டிப் பேசி முடிவு செய்வதும், மூன்றாவது ஒருவர் அறையில் இருப்பதும் தொழில்முறை வழக்கம். “நடிகைக்குக் கூச்சம் இருக்கக் கூடாது” என்ற வாசகத்தை ஒத்திகையில் எவர் சொன்னாலும் அது பாடம் அல்ல.

கடிதமும் அறிக்கையும்

விண்ணப்பக் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நாடகத்தின் மேல் உள்ள காதலைப் பற்றி எழுதாதீர்கள், எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். அந்தக் குழுவின் ஒரு நாடகத்தையாவது பார்த்துவிட்டு எழுதுங்கள். கிடைக்கும் தேதிகள், வாரத்தில் எந்த நாள் முடியாது, என்ன வேலை தெரியும்: தையல் மிஷின் ஓட்டுவேன், ஒலிக்கோப்பு வெட்டி ஒட்டுவேன், மாவட்டத்தின் வட்டார வழக்கு தெரியும், வரவுசெலவு எழுதுவேன். இயக்குநர் படிப்பது அந்த வரியைத்தான். ஒப்புக்கொண்டதும் நீங்களே ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பி “சரி” என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தப் பொறுப்பு, யார் மேற்பார்வை, வாரத்துக்கு எத்தனை மணி, காட்சித் தேதி, செலவு யார் தருவது, ஒத்திகை இரவு 9.30க்கு மேல் போனால் வீடு திரும்ப என்ன ஏற்பாடு. நிகழ்ச்சித் தாளில் பெயர் எந்தப் பொறுப்பின்கீழ் வரும் என்பதையும் சேர்த்து எழுதலாம். நடிக்கும் வாய்ப்பு தருவதாக வாய்மொழியாகச் சொல்லப்பட்டால் அதை இந்த மின்னஞ்சலில் எழுதிப் பாருங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே நிலைமை தெரிந்துவிடும்.

கல்லூரிக்குத் தரும் அறிக்கையில் பெரும்பாலும் கதைச்சுருக்கமும் இயக்குநர் புகழ்ச்சியும்தான் இருக்கும். அதற்குப் பதில் ஆவணங்களை இணையுங்கள். பிராம்ப்ட் பிரதியின் நான்கு பக்க நகல், திருத்தங்களோடு. ஒளி க்யூ பட்டியல். மேடைப்பொருள் பட்டியல், எங்கே என்ன விலைக்கு வாங்கியது என்பதோடு. நீங்களே டேப் பிடித்து அளந்து வரைந்த தரைப்படம்: 1:50 அளவில் 10 மீட்டர் அகல மேடை 20 சென்டிமீட்டராகும், ஏ4 தாளைக் கிடையாக வைத்தால் பக்கவாட்டும் சேர்ந்து அடங்கும். எது தவறியது, எந்த நிமிடத்தில், ஏன், மறுநாள் என்ன மாற்றினார்கள் என்று ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பக்கம். காட்சி நேரத்தையும் எழுதுங்கள். முதல் நாள் 92 நிமிடம் ஓடிய நாடகம் மூன்றாம் நாள் 99 ஆனால் எந்தக் காட்சியில் அந்த 7 நிமிடம் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பதே நடிப்பைப் பற்றிய நல்ல ஆய்வு.

சான்றிதழில் “எங்கள் குழுவில் ஒரு மாதம் பயிற்சி பெற்றார்” என்று மட்டும் இருந்தால் அடுத்த இடத்தில் அதற்கு மதிப்பு குறைவு. நாடகத்தின் பெயர், காட்சி நடந்த அரங்கமும் தேதியும், மொத்த மணி நேரம், “உதவி மேடை நிர்வாகியாக க்யூ அழைத்தார்” என்பது போலச் செய்த வேலை, மேற்பார்வை செய்தவரின் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும். குழுவினருக்கு இதை எழுத நேரம் இருக்காது. வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து, மேடை பிரித்த மறுநாள் கணக்குத் தீர்க்க எல்லோரும் கூடும்போது கொண்டுபோய் நீட்டினால் அன்றே கையெழுத்தாகிவிடும்.